அச்சாரமும் அட்டையும்

'அச்சாரம்' என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் போட்டிருந்தாலும் சரி, குடும்பம் நடத்துகிற பெண்களுக்கு அதன் பொருளை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வாடகைக்கு வீடு பார்த்தால் அச்சாரம்; கறவை மாடு பிடிக்கப் போனால் அச்சாரம்; கல்யாணத்துக்குச் சமையற்காரரையும் நாதஸ்வரக்காரரையும் பேசி முடித்தால் வெற்றிலை பாக்கோடு அச்சாரம். தொகை பெரிதோ சிறிதோ, அது கை மாறிய நிமிஷத்திலிருந்து இரண்டு பேருக்கும் ஒரு நிம்மதி. "நான் வருவேன்" என்கிறார் ஒருவர். "நான் வைத்திருப்பேன்" என்கிறார் மற்றவர். நடுவில் ஒரு ரூபாய் சாட்சியாக நிற்கிறது.

அந்த ரூபாய் இப்போது கண்ணுக்குத் தெரியாத ரூபாயாகிவிட்டது. செல்போனில் வருகிறது, அட்டையில் வருகிறது, சில சமயம் வந்தது போலப் பாசாங்கு செய்துவிட்டு வராமலே இருந்துவிடுகிறது! ஆறே ஆறு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதியை நடத்துகிறவள் என்ற முறையில், இந்த மாயரூபாயோடு நான் பட்ட பாட்டைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

எங்கள் விடுதி சிவகாசியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிறது. கீழே நாங்கள், மாடியில் விருந்தாளிகள். ஊருக்கெல்லாம் ஆடி மாதம் என்றால் மந்தம். எங்களுக்கோ அதுதான் அறுவடை. ஆடிப் பெருக்கன்றுதான் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை இங்கே வெளியிடுகிறார்கள். அதைப் பார்க்க வியாபாரிகள் வருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். சாத்தூர்ப் பக்கம் இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளி. பிறகு பட்டாசுக் கொள்முதலுக்கு வடநாட்டு வியாபாரிகள். தீபாவளி நெருங்க நெருங்க, "நேராகச் சிவகாசிக்கே போய் வாங்கிவிடலாம்" என்று பிள்ளை குட்டிகளோடு கிளம்பி வரும் குடும்பங்கள். தீபாவளி முடிந்த மறு வாரம், மாடிப்படியில் பூனை படுத்து உறங்கும்.

ஆகவே, இந்த மூன்று மாத வரும்படியில்தான் பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும். "வருகிறேன்" என்று சொன்னவர் வராமல் போனால், அந்த ஒரு ராத்திரி போனது போனதுதான். விற்காத கத்தரிக்காயை மறுநாளாவது பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். விற்காத ராத்திரியை யாரிடம் தள்ளுவது? அதனால்தான் அச்சாரம்.

என் மாமனார் காலத்தில் அது மணியார்டராக வந்தது. படிவத்தின் அடியில் இருக்கும் சிறு துண்டில், "பதினெட்டாம் தேதி காலை இருவர் வருகிறோம், கீழ்க்காற்று வரும் அறை வேண்டும்" என்று நுணுக்கி எழுதியிருப்பார்கள். அந்தத் துண்டுகளையெல்லாம் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார் மாமா. அந்தக் கம்பிதான் கணக்கு, அதுதான் கடிதக் கட்டு, அதுதான் கோர்ட்டுக்குப் போனால் சாட்சி. அத்தை இன்றைக்கும் அதை எடுத்துப் போட விடமாட்டார்.

கார்டு மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்தது 2016-ஆம் வருஷக் கடைசியில். நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள் அல்லவா? அப்போது மாடியில் காலண்டர் வாங்க வந்த வியாபாரிகள் நான்கு பேர். காலையில் ஒவ்வொருவராகக் கீழே இறங்கி வந்து, செல்லாத நோட்டைக் கையிலும் அசட்டுச் சிரிப்பை முகத்திலும் வைத்துக்கொண்டு நின்றார்கள். "அம்மா, கார்டு எடுப்பீர்களா?" என்று கேட்டார் ஒருவர். அடுத்த மாதமே என் வீட்டுக்காரர் பாங்கியில் எழுதிக் கொடுத்து மெஷினை வாங்கிவிட்டார்.

அத்தை அதை ஏற இறங்கப் பார்த்தார். "காசே கொடுக்காம ஒரு அட்டையை உரசிட்டுப் போறாரு. நீயும் சரின்னு சாவியைக் கொடுக்கிற. இதென்ன தாயி கூத்து?"

"அத்தை, அட்டையைச் சொருகினதும் இந்த மெஷின் நம்ம பாங்கியைக் கேட்கும், நம்ம பாங்கி அவரோட பாங்கியைக் கேட்கும். 'கொடுக்கலாம்'னு அங்கிருந்து பதில் வந்தால்தான் சீட்டு வரும். நாளைக்கு நம்ம கணக்கிலே பணம் ஏறிடும்" என்றேன்.

"இத்தனை பேரு பேசிக்கிடுறாங்களே, சும்மாவா பேசுவாங்க?"

பாருங்கள், படித்தவர்கள் பத்து நிமிஷம் யோசித்துக் கேட்கும் கேள்வியை அத்தை எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டார்! சும்மா பேசுவதில்லைதான். 1,200 ரூபாய் அறைக்கு ஒருவர் கிரெடிட் கார்டு கொடுத்தால், எங்கள் பாங்கி நூற்றுக்கு இரண்டு வீதம் 24 ரூபாய் பிடித்துக்கொள்ளுகிறது. டெபிட் கார்டுக்கு ரிசர்வ் பாங்கி 2018 ஜனவரியிலிருந்து உச்சவரம்பு வைத்திருக்கிறது. வருஷத்துக்கு 20 லட்சம் வரை வியாபாரம் செய்யும் எங்களைப் போன்ற சின்னவர்களுக்கு நூற்றுக்கு 40 காசு. அதாவது 1,200 ரூபாய்க்கு 4 ரூபாய் 80 காசு. இதை வாடிக்கைக்காரர் தலையில் கட்டக் கூடாது என்பதும் உத்தரவு. ரூபே டெபிட் கார்டுக்கும், செல்போனில் அனுப்பும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி 1 முதல் இந்தக் கட்டணமே கிடையாது. எந்த வழியில் வாங்கினால் எவ்வளவு மிஞ்சும் என்று நான் அடுப்பங்கரைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பால் கணக்குக்குப் பக்கத்தில் இதுவும் ஒரு கணக்கு.

இதில் மிகவும் மோசமான காரியம், அச்சாரத்தை டெலிபோனில் பேசி வாங்குவதுதான். ஆள் முகம் தெரியாது. குரல் மட்டும் தேன் போல வரும்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு குரல் இந்தியில் ஆரம்பித்து, ஆங்கிலத்தில் நடந்து, அரைத் தமிழில் வந்து நின்றது. ராணுவத்தில் அதிகாரியாம். ஆறு அறையும் ஐந்து நாளைக்கு வேண்டுமாம். பேரமே பேசவில்லை! பேரம் பேசாத வாடிக்கைக்காரரைக் கண்டால் எனக்கு எப்போதுமே அடிவயிற்றில் ஒரு சங்கடம். "அட்வான்ஸ் இப்பவே அனுப்பறேன் மேடம். ஒரு க்யூ.ஆர். படம் வரும். அதை உங்க போனிலே ஸ்கேன் பண்ணி, பின் நம்பர் போடுங்க. பணம் உங்க கணக்குக்கு வந்துடும்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கோ ஆறு அறை, ஐந்து நாள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "போடேன், என்ன யோசனை?" என்று கண்ணால் ஜாடை காட்டினார். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிரவே இல்லை. "பின் நம்பர்னா என்ன தாயி?" என்றார்.

"பணத்தை எடுக்கிற சாவி மாதிரி, அத்தை."

"உண்டியல்லே காசு போடுறதுக்கு எவனாவது சாவி கேப்பானா? எடுக்கிறவனுக்குத்தான் சாவி வேணும். போனை வை."

போனை வைத்துவிட்டேன். எத்தனையோ விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் இதே 'ராணுவ அதிகாரி'யிடம் பணத்தைப் பறிகொடுத்திருக்கிறார்கள் என்பது செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் எப்போதுமே தேவையில்லை. கொடுப்பதற்கு மட்டும்தான் தேவை. பாங்கிகள் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்து சொல்வதை, அத்தை ஓர் உண்டியலை வைத்துச் சொல்லிவிட்டார்.

இன்னொரு வகை, படம் காட்டுகிறவர்கள். "பணம் அனுப்பிவிட்டேன், இதோ பாருங்கள்" என்று போனைத் திருப்பிக் காட்டுவார்கள். பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம். கீழே எங்கள் பெயர். எல்லாம் நிஜம் போலவே இருக்கும். அதற்காகத்தான் மேஜை மேல் ஒரு சின்னப் பேசும் பெட்டி வைத்திருக்கிறோம். பணம் நிஜமாகவே வந்தால் அது தமிழில் வாய் திறந்து தொகையைச் சொல்லும். பெட்டி பேசாவிட்டால் நானும் பேசமாட்டேன். "நெட்வொர்க் சரியில்லை போலிருக்கிறது" என்பார்கள். "அதனாலென்ன, உட்காருங்கள். மோர் சாப்பிடுங்கள். பெட்டி பேசட்டும்" என்பேன். நல்லவர்கள் மோரைக் குடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். மற்றவர்கள் மோரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நஷ்டம் ஒரு டம்ளர் மோர்தான்.

சில சாதுக்கள் இதற்கு நேர்மாறு. நாக்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் போனிலேயே தம் அட்டையின் பதினாறு எண்களையும், பின்புறத்து மூன்று எண்களையும் சஹஸ்ரநாமம் போல ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார். "நிறுத்துங்கள் அண்ணாச்சி, நிறுத்துங்கள்!" என்று கத்தினேன். அவர் நம்பிச் சொல்கிறார், சரிதான். ஆனால் அதை நான் ஒரு காகிதத்தில் எழுதி, அந்தக் காகிதம் வேறு யார் கையிலாவது சிக்கினால்? 2022 அக்டோபர் 1 முதல் வியாபாரிகள் யாரும் வாடிக்கைக்காரரின் கார்டு எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று ரிசர்வ் பாங்கி திட்டமாகச் சொல்லியிருக்கிறது. பாங்கி மூலமாக ஓர் இணைப்பை அனுப்பினேன். அவரே தம் போனில் எண்களைப் போட்டு அனுப்பினார். வந்து இறங்கியபோது எனக்கு ஒரு கூடை ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார்.

எல்லாருக்கும் அப்படி அமைந்துவிடுகிறதா? பட்டாசை இணையக் கடைகளில் விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2018 அக்டோபர் 23-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. அப்படியும் தீபாவளிக்கு முன்னால் சிவகாசி பெயரைப் போட்டு, பாதிக்குப் பாதி தள்ளுபடி என்று போலிக் கடைகள் போனில் முளைக்கின்றன. சென்ற தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். தெருவில் உள்ள பத்துப் பதினைந்து வீடுகளுக்குச் சேர்த்து அந்தப் பெண் பட்டாசுக்குப் பணம் வசூலித்து, முன்பணமாக அனுப்பியிருக்கிறாள். பட்டாசு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. விலாசத்தைத் தேடிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்கள். அந்த விலாசத்தில் ஒரு தையற்கடைதான் இருந்தது.

"நான் எப்படியக்கா திரும்பிப் போய் அவங்க மூஞ்சியிலே முழிப்பேன்?" என்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். 1930 என்ற எண்ணுக்கு எங்கள் திண்ணையிலிருந்தே போன் செய்து புகாரைப் பதிவு செய்தோம். பணம் போன அன்றே, முடிந்தால் அந்த மணியிலேயே இந்த எண்ணைக் கூப்பிட்டிருந்தால், பணம் கை மாறிக் கை மாறிப் போவதற்குள் கணக்கை முடக்கப் பார்ப்பார்கள். இவர்களுக்கு நாலு நாளாகிவிட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லி ஏமாற்றிவிட்டார்களே என்று எங்களுக்கே தலைகுனிவாக இருந்தது. அன்றைக்கு அத்தை அவர்களிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்கவில்லை.

வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்தான் குடும்பத்தில் சண்டை வரும்.

2023-ஆம் வருஷம் தீபாவளி நவம்பர் 12-ஆம் தேதி வந்தது. அதற்கு முன்னால், ஐப்பசி முகூர்த்தம் ஒன்றுக்காக மதுரைக்காரர் ஒருவர் தம் பெண்ணின் கல்யாணத்துக்கு ஆறு அறைகளையும் மூன்று நாளைக்குப் பேசினார். மொத்தம் 21,600 ரூபாய். பாதித் தொகை, 10,800 ரூபாய், கிரெடிட் கார்டில் அச்சாரம். ஏழு நாளுக்குள் ரத்து செய்தால் அச்சாரம் திரும்பாது என்று ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறோம். நாலு நாள் இருக்கும்போது போன் வந்தது. பெண்ணின் தாத்தா காலமாகிவிட்டார். கல்யாணம் தள்ளிப் போய்விட்டது. பாவம், அந்த மனிதர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்க வேற யாருக்காவது அறையைக் கொடுத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

"ரசீதிலே போட்டிருக்கிறது போட்டிருக்கிறதுதான். இன்னிக்கு இவருக்குக் கொடுத்தா, நாளைக்கு ரூம் போட்டவங்க தாத்தாவெல்லாம் வரிசையா செத்துப் போவாங்க!" என்றார் என் வீட்டுக்காரர்.

"இந்தத் தாத்தா நிஜமாச் செத்திருக்காரே" என்றேன் நான்.

தெருக்கோடியில் இருக்கும் வக்கீல் ஐயாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். வாக்குத் தவறினால் இவ்வளவு என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தாலும், அதை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு நியாயமான ஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்குமாம். அளவுக்கு மீறிய முன்பணம் கேட்கும் ஒப்பந்தத்தை 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டமும் நியாயமற்றது என்கிறதாம். "கோர்ட்டுக்குப் போனால் பேசலாம், போகிற விஷயமா இது?" என்று சிரித்தார் அவர்.

கோர்ட் என்னத்துக்கு? காகிதமும் பென்சிலும் போதுமே! ஆறு அறை, மூன்று நாள். மொத்தம் பதினெட்டு 'ராத்திரி'. தீபாவளிக் கூட்டம் வந்துகொண்டிருந்ததால் பதினாறு ராத்திரிக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். இரண்டு மட்டும் காலி. அது 2,400 ரூபாய். "காலியாக் கிடந்த அறைக்கு வெளுப்புக் கூலி உண்டா? கரெண்டு உண்டா?" என்று கேட்டார் அத்தை. அதற்கு 400 ரூபாய் கழித்தோம். 2,000 ரூபாயை வைத்துக்கொண்டு 8,800 ரூபாயைத் திருப்பினோம். என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் காபி கேட்பதற்காகப் பேசினார்.

ஒரு விஷயம்: கார்டில் வாங்கியதைக் கார்டிலேயேதான் திருப்ப வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, பிறகு அவருடைய பாங்கியும் அதே தொகையை எங்களிடம் பிடித்தால் இரட்டை நஷ்டம். வந்த வழியே திரும்பிப் போக ஒரு வாரம் போல ஆகும். அந்த ஒரு வாரமும், "இன்னும் வரலையேம்மா" என்று குரல் வரும். திருப்பி அனுப்பியதற்கு ஒரு குறிப்பு எண் உண்டு. அதைச் சொன்னால் அவர் பாங்கியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வார். மாசியில் அந்தக் கல்யாணம் நடந்தது. அதே ஆறு அறை, அதே மூன்று நாள்!

இதற்கு எதிர்ப்பாட்டும் உண்டு. இரண்டு நாள் வசதியாகத் தங்கி, இட்லியைப் புகழ்ந்துவிட்டுப் போன ஒரு கனவான், ஊருக்குப் போய்த் தம் பாங்கியிடம், "இந்தச் செலவை நான் செய்யவே இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் கணக்கிலிருந்து பணம் பின்னோக்கி நடந்து போய்விட்டது. நல்ல வேளை, அவர் கையெழுத்திட்ட வருகைப் பதிவேடு, அடையாள அட்டையின் நகல், பில், மெஷின் சீட்டு எல்லாம் இருந்தன. பாங்கி கொடுத்த கெடுவுக்குள் அனுப்பினோம். பணம் திரும்பி வந்தது. மாமாவின் கம்பி போல ஒரு கம்பி இந்தக் காலத்திலும் வேண்டியிருக்கிறது.

இத்தனை விதிகளையும் கரைத்துக் குடித்த நாங்கள் விதியே பார்க்காத இடம் ஒன்றும் உண்டு. இந்த ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. தூரத்தில் 'டம்' என்று கேட்டால், எங்கள் ஊரில் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள்.

அப்படி ஒரு நாள் ராத்திரி, கையில் ஒரு துணிப் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். புருஷனை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. வயதான மாமியாரையும் கைக்குழந்தையையும் எங்கேயாவது படுக்க வைக்க வேண்டும். கார்டு இல்லை, போனில் பணம் இல்லை. காதிலிருந்த கம்மலைக் கழற்றி மேஜை மேல் வைத்து, "இதை அச்சாரமா வச்சுக்கிடுங்கம்மா" என்றாள்.

என் வீட்டுக்காரர் வாய் திறக்குமுன் அத்தை எழுந்துவிட்டார். "காதுல போடு தாயி" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "வாரேன்னு சொன்னவுக வராமப் போயிரக் கூடாதுன்னுதானே அச்சாரம் வாங்குறோம்? இந்தப் பிள்ளை இங்கே வராம இருந்திருந்தா எல்லாருக்கும் சந்தோசமில்லே?" என்றார்.

அன்றிலிருந்து, ஆஸ்பத்திரிக்கென்று வருகிறவர்களிடம் அச்சாரம் வாங்குவதில்லை. இதற்கு என் வீட்டுக்காரரும் எதிர்ச்சொல் சொன்னதில்லை. அந்தப் பெண் இருபத்திரண்டு நாள் தங்கினாள். புருஷன் பிழைத்து எழுந்தான். பொங்கலுக்குப் பிறகு வந்து, முடிந்ததைக் கொடுத்தாள். முடிந்ததை வாங்கிக்கொண்டோம். வேண்டாம் என்று சொல்லி அவளைச் சிறுமைப்படுத்தலாமா?

இனி, வெளியூரில் அறை பேசப் போகும் சகோதரிகளுக்கு நாலு வார்த்தை. அச்சாரம் அனுப்புமுன், அந்த விடுதிக்கு நீங்களாகவே ஒரு போன் போட்டுப் பேசுங்கள். வரவில்லை என்றால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரகசிய எண்ணைப் புருஷனைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுத நினைத்தேன். புருஷனிடமும் சொல்ல வேண்டாம் என்கிறார் அத்தை. வர முடியாமல் போனால் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பணமும் மிச்சமாகும். எங்கள் ராத்திரியும் வீணாகாது.

இப்போதெல்லாம் அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று தெரிவதில்லை. ஆனால் மேஜை மேலிருக்கும் பெட்டி, "ஆயிரத்து இருநூறு ரூபாய் பெறப்பட்டது" என்று சொன்னதும், உள்ளேயிருந்து தவறாமல் ஒரு குரல் வரும்:

"மகராசனா இருப்பா! போறதுக்கு முன்னாடி ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ!"

பெட்டியிடம்தான் சொல்கிறார்.